அவனுக்கும் அதே வியாதிதானே

எங்கள் ஊரில் என்னைப் பற்றி ஒரு தப்பான நினைப்பு உண்டு. "பாப்பா கேன்சருக்குப் படிச்சிக்கீது" என்பார்கள். நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களைப் பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்த்து, அவற்றுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற துக்கடா மூலக்கூறுகளை அளந்துகொண்டிருந்தவள். ஒப்பந்தம் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது உத்திரமேரூரிலிருந்து காலையில் பஸ் ஏறிப் போய் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். இதை எத்தனை தடவை சொன்னாலும் ஊர் காதில் போட்டுக்கொள்ளாது. காய்ச்சல் மாத்திரையைக் கொண்டுவந்து, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நான் பார்த்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் எரிச்சல் யாருக்கும் புரியாது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சில ஜீன்களுக்குத் தடுப்பதுதான் வேலை. செல் கண்டபடி பெருகக் கிளம்பினால் நிறுத்தும். சேதம் மிஞ்சிப்போனால் அந்தச் செல்லையே சாகச் சொல்லும். அவற்றில் பெரிய தலை பி53 என்பது. அது எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஏவிவிடும். அவை போய், பெருகு பெருகு என்று சொல்லும் செய்திகளின் வாயை அடைத்துவிடும். நுரையீரல் புற்றுநோயில் பல சமயம் பெரிய தலையே போய்விடுகிறது. அதன் ஏவலாட்களும் அதோடு அடங்கிவிடுகிறார்கள். அந்தக் குட்டி மூலக்கூறையாவது வெளியில் செய்து உள்ளே அனுப்பினால் என்ன என்பதுதான் எங்கள் கூடத்தில் கேள்வி. தட்டில் இருந்த செல்களுக்குள் அனுப்பினோம். செல்கள் செத்தன. நாங்கள் கேக் வெட்டினோம். பிறகு வெளிநாட்டில் இதே மாதிரி ஒன்றை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தவர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகக் கிளம்பி உயிருக்கே ஆபத்தானதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதோடு எங்கள் கூடத்திலும் பேச்சுக் குறைந்துபோனது.

இத்தனை படித்தவள் வீட்டிலேயே அந்த நோய் வந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போன பிறகு வீட்டில் அவரும் நானும் மட்டும். நெல்லும் கொஞ்சம் கரும்பும் பயிர் வைப்பவர். இருமல் நிற்காமல், அரிசி மில் தூசுதான் காரணம் என்று வாலாஜாபாத் மில் முதலாளிகளைத் திட்டிக்கொண்டிருந்தவரை, சண்டை போட்டு ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். துணைக்கு வந்தவர் டிரைவர்.

டிரைவர் என்றால் எங்கள் டிராக்டர் ஓட்டியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். நைனாவின் வயது இருக்கும். நான் மட்டும் 'டிரைவரண்ணே' என்பேன். ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மனைவி. ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வயலுக்கே வருகிற அவர். நைனாவும் அவரும் பம்பு செட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரே பீடிக் கட்டிலிருந்து எடுத்துப் பற்றவைப்பதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். பூச்சி மருந்து அடிப்பது, நெல் தூற்றுவது, மூட்டை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போவது எல்லாம் இருவரும் சேர்ந்துதான். அன்றைக்கு ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நைனாவை விட டிரைவர்தான் அதிகம் இருமினார். எனக்குச் சந்தேகம் வந்து, அவரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

இருவருக்கும் நுரையீரலில் கட்டி. இருவருக்கும் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். நைனா சென்னையில் தனியார் ஆஸ்பத்திரி, டிரைவர் அரசு ஆஸ்பத்திரி என்று பிரிந்தாலும், பழைய கூடத்து நண்பர்களைப் பிடித்து, இருவரின் சதையையும் ஒரே இடத்தில் ஜீன் சோதனைக்குக் கொடுத்தேன். அதை ஒரு பெரிய சாதனையாக நினைத்தேன். ஏனென்றால் மேலே பார்க்க ஒரே நோய், உள்ளே வேறாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

வேறாகத்தான் இருந்தது. நைனாவின் கட்டியில் வளர்ச்சியைக் கிளப்பிவிடும் ஒரு ஜீன் மாறிப்போய் ஓயாமல் கட்டளை போட்டுக்கொண்டிருந்தது. அதை அடக்க மாத்திரை இருக்கிறது. தினம் ஒன்று. டிரைவரின் கட்டியில் அந்த மாற்றம் இல்லை. மாத்திரையால் அடக்கக்கூடிய வேறெந்த மாற்றமும் இல்லை. அங்கே பி53 போயிருந்தது. நான் எத்தனையோ வருஷம் தட்டுகளில் பார்த்துக்கொண்டிருந்த அதே குறை, பெயரோடு வந்து என் கையில் உட்கார்ந்தது. அதைப் படித்துவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்து யாரையென்று தெரியாமல் திட்டினேன்.

இருவரையும் பம்பு செட்டில் உட்காரவைத்து விளக்கினேன். மோட்டாரைக் காட்டிச் சொன்னால் புரியும் என்று நினைத்தேன்.

"நைனா, உன் கட்டியில ஸ்டார்ட்டர் பெட்டியில பச்சை பட்டன் அமுங்கி மாட்டிக்கினு கீது. அதான் மோட்டாரு நிக்காம ஓடுது. இந்த மாத்திரை அந்த பட்டன எடுத்துவுட்டுடும். டிரைவரண்ணே, உங்களுக்கு பட்டன் மாட்டல. உள்ள ரிலே எரிஞ்சி போச்சு. லோடு ஏறுனா மோட்டார நிறுத்த அது தானா டிரிப் ஆவணும் இல்ல? ஆவாது. இல்லாத ரிலேய எந்த மாத்திரையும் போய் அமுக்க முடியாது. அதனால உங்களுக்கு சலைன்ல ஏத்துற மருந்துதான்."

டிரைவர் யோசித்தார். "ரிலேதானே பாப்பா. கடையில வாங்கி மாட்டிடலாமே?"

"அத்தத்தான் அண்ணே நாங்க சென்னையில செஞ்சி பாத்துக்கினு இருந்தோம். அந்தக் கடை இன்னும் தொறக்கல."

இருவரும் சிரித்தார்கள். தலையாட்டினார்கள். நான் நன்றாக விளக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் என் வகுப்பில் தலையாட்டுகிற பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியும் எனக்குப் புத்தி வரவில்லை.

மாத்திரைக்காக ஏரிப் பக்கம் இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றோம். காலையில் நாஷ்டாவுக்குப் பிறகு ஒன்று. சில வாரங்களில் நைனாவின் இருமல் குறைந்தது. மூச்சு வாங்காமல் வரப்பில் நடந்தார். டிரைவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். மருந்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முறையான மருந்துதான், கொடுக்க வேண்டிய அளவுதான். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பார். தலைமுடி கொட்டியது. சோற்றைக் கண்டால் குமட்டியது. ஒரே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒருவர் தேறுவதும் ஒருவர் வற்றுவதும் யார் கண்ணுக்கும் தெரிந்தது. அவர்கள் இருவர் கண்ணுக்கும் அது எப்படித் தெரியும் என்று நான் யோசித்துப் பார்க்கவே இல்லை.

அதற்குள் நைனாவின் மூக்கிலும் கன்னத்திலும் பரு கிளம்பியது. அந்த மாத்திரைக்கு அப்படி வருவது உண்டு. தோல் சிவந்து, பதினெட்டு வயதுப் பையன் மாதிரி முகம் முழுக்கப் பொரிப்பொரியாக. ஊரே கேலி பண்ணியது. "இன்னா மொதலாளி, கல்யாணக் களை வந்துடுச்சி போல கீதே" என்று டிரைவர்தான் ஆரம்பித்துவைத்தார். நைனா வெட்கப்பட்டு டாக்டரிடம் காட்டினார். அவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, "முகத்துல வந்தா நல்லதுதான் பெரியவரே, மருந்து வேலை செய்யுதுன்னு வெச்சுக்குங்க" என்றார். வெட்கப்பட்டவரைத் தேற்றச் சொன்ன வார்த்தை. சொல்லாமல் இருந்திருக்கலாம். நைனா அதை ஊர் முழுக்கச் சொன்னார். முதலில் பம்பு செட்டில் சொன்னார்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அதற்கடுத்ததில் மறுபடி வளர்ந்திருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்து, "மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் இந்தத் துறையிலேயே வேலை பார்த்தவள், காலி அட்டைகளை நானே பார்க்கிறேன் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. கட்டி மாத்திரையை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அது எப்படியெல்லாம் கற்றுக்கொள்ளும் என்று எனக்கு அத்துப்படி. ஜீனில் இன்னொரு மாற்றம் வரலாம். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் சில ஏறி, சில இறங்கி, மாத்திரை அடைத்த வழிக்குப் பக்கத்திலேயே வேறு வழியைத் திறந்துவிடலாம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் கட்டுரைகளாகப் படித்தேன். பழைய பேராசிரியருக்கு நீளநீளமாக மெயில் எழுதினேன். மறுபடி சதை எடுத்துச் சோதித்தே ஆகவேண்டும் என்று டாக்டரிடம் பிடிவாதம் பிடித்தேன். நைனாவின் விலா இடுக்கில் மறுபடி ஊசி இறங்கியது. இந்தத் தடவை நுரையீரலில் காற்றுக் கசிந்து, அவர் படுக்கையில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுத்தார். ரிப்போர்ட்டில் புதிதாக ஒன்றுமே இல்லை. பழைய மாற்றம் அப்படியே இருந்தது. இந்த மாத்திரை கேட்க வேண்டிய கட்டிதான் என்று மறுபடி எழுதியிருந்தது.

அந்த ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு குழம்பிப்போய்த் திரிந்த ஒரு காலையில், பஸ் நிலையத்தில் டிரைவரைப் பார்த்தேன். டீக்கடை ஓரமாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கிட்டே போனேன். மூக்கிலும் கன்னத்திலும் பரு.

சலைனில் ஏற்றுகிற மருந்துக்கு இப்படி வராது. டீ கிளாஸ் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். நகத்தின் ஓரமெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தது. நைனாவின் விரல்களும் அப்படித்தான் இருக்கும்.

"இன்னா அண்ணே மூஞ்சில?"

"வெயிலு பாப்பா."

"நைனா மாத்திரைதானே?"

அவர் டீயை ஆற்றுகிற மாதிரி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்க நைனாவ திட்டாத பாப்பா," என்றார். "நானா கேக்கல. அவருதான் குடுத்தாரு. நீ பஸ்ஸுக்குப் போன அப்பால கொட்டாய்க்கு எடுத்தாருவாரு. ஒரு நாளு அவருக்கு, ஒரு நாளு எனுக்கு."

ரகசியம் வெளியில் வந்துவிட்டதில் லேசாகிப்போனவர் மாதிரி, துண்டை விலக்கி முகத்தைக் காட்டினார். "ஆனா பாரு பாப்பா, வேலை செய்யுது. எனுக்கும் வந்துடுச்சில்ல? அந்த ரிப்போர்ட்டுல இன்னாவோ தப்பாயிக்கீது. அந்த சலைனுக்குப் போறதையும் நான் வுட்டுட்டேன். பேஜார் புடிச்ச மருந்து அது."

என் பஸ் வந்தது. போனது. நான் அங்கேயே நின்று விளக்கினேன். அந்த மாத்திரை அடக்குகிற ஜீன் எல்லோருடைய தோலிலும் உண்டு, அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், மாத்திரை போய் அங்கேயும் கை வைக்கும், அதனால்தான் பரு, நான் போட்டாலும் எனக்கும் வரும், கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். குரல் ஏறிவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஒங்க நைனாவுக்கு வந்த பரு?"

"அவருக்குத் தோலுலயும் கேட்டுது, கட்டியிலயும் கேட்டுது. உங்களுக்குத் தோலுல மட்டும்தான் அண்ணே."

டிரைவர் என்னையே பார்த்தார். கோபமில்லை. சின்னப் பிள்ளை பொய் சொல்வதைத் தெரிந்தே கேட்டுக்கொள்கிறவர் மாதிரி இருந்தது. "எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிக்கீறாங்க பாப்பா. பட்டா இல்லன்னா அதுக்கு ஒரு காரணம். லோன் இல்லன்னா அதுக்கு ஒரு காரணம். புரியாத எழுத்துல ஒரு காயிதம் குடுப்பாங்க. இருக்கிறவனுக்கு மாத்திரை, இல்லாதவனுக்கு சலைனு. நீ நல்ல பொண்ணு. உன்கிட்டயும் அவங்க அப்படித்தான் சொல்லி அனுப்பிச்சிருப்பாங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் சொன்ன பட்டியலில் ஒன்றைக்கூட என்னால் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒன்று அந்தப் பட்டியலில் சேராது. இதை யாரும் அவருக்கு மறுக்கவில்லை. கோடீஸ்வரனுக்கு அந்த ஜீன் போயிருந்தாலும் அதைத் திருப்பித் தருகிற மாத்திரை இல்லை. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தாலுகாவில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன? அன்றைக்குக் கல்லூரிக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

நைனா முற்றத்தில் விதை நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு.

"ஏன் நைனா இப்படிப் பண்ணே?"

"அவனுக்கும் அதே வியாதிதானே?" என்றார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல. "ஒரே பீடி. ஒரே மருந்தடிச்சோம். ஒரே தூசு. எனுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு எப்படி வரும்? அவன் வாந்தி எடுத்துக்கினு கெடக்க, நான் மட்டும் பக்கத்துல குந்திக்கினு மாத்திரை முழுங்கணுமா?"

"அதான் சொன்னேனே நைனா, மோட்டாரு காட்டி!"

"சொன்னே. நல்லாத்தான் சொன்னே. அவன் மூஞ்சில பரு வந்தப்போ நாங்க ரெண்டு பேரும் எவ்ளோ சந்தோசப்பட்டோம் தெரியுமா?"

நான் கத்தினேன். உன் கட்டி ஏன் வளர்ந்தது தெரியுமா என்று கேட்டேன். டிரைவர் சலைனை விட்டுவிட்டார் தெரியுமா என்று கேட்டேன். ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் கொன்றுவிட்டாய் என்றேன். பெற்ற அப்பாவிடம் சொல்கிற வார்த்தை இல்லைதான். சலைன் விஷயம் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. கையிலிருந்த நெல்லை அப்படியே கீழே விட்டுவிட்டு, "வுட்டுட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

என் கோபத்துக்கு ஒரு பக்கம்தான் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பம்பு செட்டுக் கொட்டகையில் டிரைவருக்கென்று தனியாக ஒரு கிளாஸ் ஆணியில் கவிழ்த்து மாட்டியிருக்கும். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அது அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு நாளும் அவர் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொல் என்று நான் நைனாவோடு சண்டை போட்டபோதெல்லாம், 'அவனே வர மாட்டான், உனக்கு இன்னா தெரியும்' என்பார். சரிசமமாகக் கொடுக்க வேண்டிய எதையும் வாழ்நாள் முழுக்கக் கொடுக்காத மனுஷன், கடைசியில் தன் உயிர் மாத்திரையைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டிருக்கிறார். அதையும், பங்கு போடவே கூடாத ஒரே விஷயத்தில் வந்து போட்டிருக்கிறார். இதை நினைத்து அவரைக் கும்பிடுவதா, பிடித்து உலுக்குவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்த வாரமே கார் வைத்து டிரைவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தனக்காக வரவில்லை, நான் கெஞ்சியதற்காக வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தார். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மருந்து ஏற்றிக்கொண்டிருந்த வரைக்கும் கட்டி அடங்கித்தான் இருந்திருக்கிறது. நிறுத்திய பிறகு ஈரல் வரைக்கும் போயிருந்தது. போதாததற்கு அந்த மாத்திரை வேறு அவருக்கு வயிற்றுப்போக்கைக் கொடுத்து உடம்பை உருக்கியிருந்தது. "இப்ப இருக்கிற நிலைமையில ஏத்தினா தாங்க மாட்டார். கொஞ்சம் தேறட்டும்," என்றார். ஏன் நடுவில் வரவில்லை என்று அவர் கேட்டபோது, டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாத்திரையைக் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். பரு நாலைந்து வாரத்தில் மறைந்து முகம் பழையபடி ஆனது. அவர் தேறவில்லை. சம்பா நாற்று விடுகிற சமயத்தில் போய்விட்டார்.

காலனிக்குப் போனோம். நைனாவுக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர் அதில் உட்காராமல், மூச்சு வாங்க வாங்கச் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் டிரைவரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுது ஓய்ந்திருந்தவர், யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மாத்திரை போட்டுக்கினு இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு பாப்பா. மூஞ்செல்லாம் கூட செவந்து தெளிவா இருந்துது. நீ வாணாம்னு சொல்லி நிறுத்தின அப்பாலதான் படுத்துட்டாரு."

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தோல் வேறு கட்டி வேறு என்பதும், தடுக்கிற ஜீன் போனால் என்ன ஆகும் என்பதும், எங்கள் கூடத்தில் தட்டுகளில் செத்த செல்களும், பாதியில் நின்றுபோன அந்தச் சோதனையும். எதையும் அங்கே வைத்துச் சொல்ல முடியாது. சொன்னால் இன்னொரு காரணம் என்று ஆகியிருக்கும். "ஆமா அக்கா," என்றேன். வேறென்ன சொல்ல? அந்தப் பொய்யை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

நைனா இப்போது தினமும் ஒன்று போடுகிறார். நான் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், என் கண் முன்னால். கட்டி சுருங்கவும் இல்லை, வளரவும் இல்லை. நடுவில் பாதியாகப் போட்டதால்தான் வளர்ந்ததா, முழுதாகப் போட்டிருந்தாலும் ஒரு நாள் வளர்ந்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். என்னாலும் முடியாது.

டிரைவர் போன பிறகு அவரைப் பற்றி நைனா பேசியதே இல்லை. போன வாரம் ஒரு நாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போடு நைனா என்று அதட்டினேன்.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நீ சொல்றதெல்லாம் சரின்னு நான் இப்ப ஒத்துக்கறேன். அவன் கட்டி வேற, என் கட்டி வேற. அவனுக்கு இது கேக்காது. சரி." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த ரிப்போர்ட்டு ரெண்டும் மாறி வந்திருந்தா? இந்த மாத்திரை அவனுக்குத்தான் கேக்கும், எனுக்குக் கேக்காதுன்னு எழுதியிருந்தா? அவனுக்காவ நாம நெலத்த வித்துருப்பமா?"

நான் வாயைத் திறந்தேன். அரசாங்கத்தில் கேட்டுப் பார்த்திருக்கலாம், மருந்துக் கம்பெனிக்காரர்களே சிலருக்கு இலவசமாகத் தருவார்கள், எழுதிப் போட்டிருக்கலாம், எப்படியாவது ஏதாவது செய்திருப்போம் என்று சொல்ல வந்தேன்.

நைனா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "போ, பஸ்ஸு பூடப்போவுது," என்றார்.